சுகுமாறன் வண்டியின் புதுச் செயின்

எந்தப் பொருளும் தேயத் தேயக் குறையும். மோட்டார் சைக்கிள் செயின் மட்டும் தேயத் தேய நீளும். இது பலருக்குத் தெரியாது, இன்ஸ்பெக்டர் அம்மா. அறுபத்தாறு வயதுவரை எனக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுச் சுகுமாறன்தான் பழைய செயினையும் புதுச் செயினையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டுக் காட்டினான். இரண்டிலும் கண்ணிகளின் எண்ணிக்கை ஒன்றுதான். பழையது ஒரு கட்டைவிரல் அகலத்துக்குக் கூடுதலாகத் தொங்கியது. ஒவ்வொரு கண்ணியிலும் மயிரிழை தேய்ந்திருக்கிறது, எல்லாம் சேர்ந்தால் இவ்வளவு ஆகிறது என்றான். எதையும் விளக்கமாகச் சொல்லக்கூடியவன்.

தமிழிலேயே சொல்லலாம் என்று நீங்கள் சொன்னது வசதியாகப் போயிற்று. மலாயில் சொன்னால் எனக்கு விஷயம் வரும், ருசி வராது. உங்களையும் எனக்குத் தெரியும். சட்டையில் ரஞ்சனி என்ற பெயரைப் பார்த்ததுமே பிடிபட்டுவிட்டது. சாலாக் செலாத்தானில் லோரி ஓட்டினாரே வீரப்பன், அவருடைய இரண்டாவது பெண்தானே? உங்கள் அக்கா கல்யாணம் ஏன் நின்றது என்பதுகூட... சரி, அது இப்போது வேண்டாம்.

என் பெயர் நாகப்பன், வட்டாரத்தில் செட்டியார் அங்கிள். வக்கீல் ஆபீஸ் ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் கிராணி, கணக்கும் கடிதமும் எழுதினேன். மனைவி விசாலம் போனபிறகு தனியாள். பிரிக்பீல்ட்ஸில் அந்தப் பழைய அடுக்குமாடியில் கீழ்வீடு. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். பிள்ளைகள் எனக்கு சிசிடிவி அங்கிள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சிசிடிவிக்குக் காது கிடையாது என்பது அதுகளுக்குத் தெரியவில்லை. யார் வீட்டில் யார் கோபித்துக்கொண்டு போனார்கள், யார் வீட்டுக்கு யார் சமாதானம் பேச வந்தார்கள், எல்லாம் என் கண்முன்னால்தான். பார்த்ததை அரை மணி நேரத்துக்கு மேல் என்னிடமே வைத்துக்கொண்ட பழக்கமும் இல்லை.

போன வருஷம் ஒரு சறுக்கல் ஏற்பட்டது. எங்கள் முனையில் அய்யாவு சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். தீபாவளிக்குள் அவர் கடையை மூடிவிடுவார் என்று நாலு பேரிடம் சொன்னேன். சும்மா சொல்லவில்லை. ஒரே வாரத்தில் இரண்டு சமையல்காரர்கள் நின்றுபோனார்கள், மனுஷன் முகமும் தொங்கிக் கிடந்தது. ஆனால் அவர் மூடவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் செலாயாங்கில் இரண்டாவது கடை திறந்தார். திறப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டு முதல் வரிசையில் உட்காரவைத்து, "செட்டியார் அங்கிள், மூணாவது கடையும் உருப்படாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க லா, புண்ணியமாப் போகும்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதிலிருந்து பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டு ஸ்ருதி கார் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகுமுன் என் வாசலில் வந்து நின்று, "பெயிலாயிருவேன்னு சொல்லுங்க அங்கிள், பிளீஸ்" என்றாள். சொன்னேன். பாஸாகிவிட்டாள். பிறகு நான் ஒரு செய்தியைச் சொன்னால், மூன்றாம் மாடிச் சீதாலெட்சுமியிடம் போய் நிஜமா என்று கேட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். மூன்றாம் மாடியிலிருந்து பார்ப்பவளுக்கு மனிதர்களின் தலையுச்சி மட்டும்தான் தெரியும். அவளிடம் போய்க் கேட்டார்கள்.

சுகுமாறனுக்கு வருகிறேன். தபாலாபீசில் இருந்து ஓய்வு பெற்றவன், என்னைவிட ஏழு வயது இளையவன். அவனிடம் 1961ஆம் வருஷத்து இங்கிலாந்து மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. பச்சை நிறம். புஷ்பவல்லிக்கு அவன் தாலி கட்டியதற்கு மூன்று மாதம் முன்பே அந்த வண்டி வந்துவிட்டதால், மூத்தவள் அதுதான் என்று அவளே சொல்வாள். ஞாயிறு தவறாமல் கிள்ளானுக்கு ஓட்டிப் போவான். அங்கே குகன் என்பவன் பழைய வண்டிகளுக்குச் சாமான் விற்கிறான், அவன் கடையில் இந்த மாதிரி ஆட்கள் ஏழெட்டுப் பேர் கூடித் தோசை தின்பார்கள்.

டிசம்பரில் அந்த வண்டியின் செயின் சத்தம் போட ஆரம்பித்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். பின்சக்கரத்தில் விரலால் இழுத்தால் பாதிப் பல் தெரிகிற அளவுக்கு விலகி வந்தது. அன்றைக்கே அய்யாவு கடையில் வைத்துச் சொன்னேன்: இந்தச் செயின் அவனை ஹைவேயில் தள்ளும், தைப்பூசம் தாண்டாது. எனக்குப் பின்னாலேயே உட்கார்ந்து அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

"அப்படியாண்ணே? அப்ப எனக்கு நூறு வயசு கேரண்டி லா" என்றான்.

கடையே சிரித்தது. அய்யாவு அவன் இலையில் இன்னொரு வடை வைத்தார்.

சிரித்தானே தவிர, மறுவாரமே குகனிடம் சொல்லிப் புதுச் செயின் வாங்கிவிட்டான். பல்சக்கரம் இரண்டும்கூடப் புதுசு. என் பேச்சைக் கேட்டு ஒருவன் பிழைத்தான் என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கொஞ்சம் பட்டேன். ஆனால் நடக்காத விபத்தைப் பற்றி உலகத்தில் யாரும் பேசுவதில்லை. தைப்பூசம் வரும், போகும். சுகுமாறன் அதே கடையில் அதே நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு வடை தின்பான்.

சனிக்கிழமை மத்தியானம் வாசலிலேயே வைத்துச் செயின் மாற்றினான். வேலை பார்க்க அழகாக இருந்தது. பழைய செயினின் நுனியில் புதுச் செயினை மாட்டி, பழையதை மெல்ல இழுத்தான். அது வெளியே வர வர, புதியது எஞ்சின் பக்கத்துப் பல்சக்கரத்தைத் தானாகவே சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. இரண்டு நுனிகளையும் ஓர் இணைப்புக் கண்ணியால் சேர்க்க வேண்டும், அது கழன்றுவிடாமல் இருக்க மேலே ஒரு சின்னக் கிளிப்பு. அவனுக்குக் கண்ணில் புரை. ஆபரேஷனைத் தைப்பூசத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று புஷ்பவல்லி தள்ளிப்போட்டிருந்தாள்.

"அண்ணே, இது ஒண்ணை மட்டும் நீங்க போட்டுருங்க. எனக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்றான்.

கிளிப்பு மீன் மாதிரி இருக்கும். ஒரு பக்கம் மூடிய தலை, மறுபக்கம் பிளந்த வால். செயின் ஓடுகிற திசையைத் தலை பார்க்க வேண்டும். வால் முன்னால் போனால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும். ஓடும்போது செயின் கழன்றால் பின்சக்கரத்தில் சிக்கிச் சக்கரத்தையே பூட்டிவிடலாம். மூன்று தடவை சொன்னான். போட்டேன்.

"தலை முன்னாடிதானேண்ணே?"

"முன்னாடிதான்."

விரலால் தடவிப் பார்த்தான். கையெல்லாம் கிரீஸ், ஒன்றும் புலப்பட்டிருக்காது. பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினான். தையல் மிஷின்போலச் சத்தமில்லாமல் ஓடியது. டீ கொண்டுவந்த புஷ்பவல்லி, "அண்ணன் கை பட்டதும் வண்டி வாயை மூடிருச்சே. அண்ணனுக்கும் யாராச்சும் இப்படி ஒரு கிளிப்பு போட்டா தேவலை" என்றாள். டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள். நல்ல டீ.

கை தவறிவிட்டதா என்று கேட்டீர்கள். இல்லை, அம்மா. முதலில் சரியாகத்தான் போட்டேன். எண்ணெய் டப்பாவை எடுக்க அவன் திரும்பியபோது, கழற்றித் திருப்பிப் போட்டேன்.

மறுநாள் ஞாயிறு. ஆறு மணிக்கே குளித்து, தேய்த்துவைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். செய்தி வந்தால் நாலு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும், கசங்கிய சட்டையோடு போகக் கூடாது. பன்னிரண்டு மணிக்கு அவனே வந்துவிட்டான். எனக்கென்று கிள்ளானிலிருந்து ஒரு பொட்டலம் அப்பம் வாங்கிவந்திருந்தான். சாப்பிட்டேன். அடுத்த ஞாயிறும் அதே சட்டை, அதே அப்பம்.

இடையில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கலாம்தான். வண்டி ராத்திரி முழுக்க என் ஜன்னலுக்கு வெளியேதான் நின்றது. ஒரு குறடும் அரை நிமிஷமும் போதும். ஆனால் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடிந்தது. எனக்கும் கட்டுப்பாடு உண்டு என்பதே அப்போதுதான் தெரிந்தது. அதில் ஒரு நிறைவுகூட இருந்தது.

மூன்றாவது ஞாயிறு, புஷ்பவல்லியும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து பின்சீட்டில் ஏறப் போனாள். பண்டமாரானில் அவள் தங்கை வீட்டில் ஏதோ விசேஷம். நான் விடவில்லை.

"மழை வர்ற மாதிரி இருக்கும்மா. பட்டு வீணாயிரும். நீ கொமுட்டர்ல போயிரு."

வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. சுகுமாறன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "அண்ணன் மழைங்கிறாரு. அப்ப இன்னைக்கு வெயில் மண்டையப் பொளக்கும்" என்று சிரித்துவிட்டுப் போனான். புஷ்பவல்லி என் பேச்சைக் கேட்டு ரயிலுக்கு நடந்தாள். ஈரம் இல்லாதவன் அப்படித் தடுத்திருப்பானா? அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

பத்து தீகா ஊரைத் தாண்டி, ஹைவேயின் மோட்டார் சைக்கிள் தடத்தில் ஒரு வளைவு. பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. சிமெண்டுச் சுவர். அங்கேயே முடிந்துவிட்டது என்று உங்கள் ஆட்கள் பத்து மணிக்கு வந்து சொன்னார்கள். வாசலில் இருந்தவன் நான்தான், என்னிடம்தான் முதலில் சொன்னார்கள். புஷ்பவல்லி பண்டமாரானில் இருந்தாள். நேரில் போய், உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று டாக்சிக்குக் காத்திருந்தேன். அதற்குள் சீதாலெட்சுமி மாடியிலிருந்தே போன் போட்டு, "உன் புருஷன் போயிட்டாரும்மா" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். மூன்று ஞாயிறு காத்திருந்த விஷயம் ஒரே வரியில் முடிந்துவிட்டது.

அதன் பிறகு இரண்டு நாள் அய்யாவு கடையில் எனக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். செட்டியார் அங்கிள் அன்றைக்கே சொன்னார் என்று பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் குகன் கிள்ளானிலிருந்து வந்து நொறுங்கிய வண்டியைப் பார்த்தான். செயின் புதுசு, எங்கேயும் அறுபடவில்லை, கிளிப்பைத் திருப்பிப் போட்டதால் கழன்றிருக்கிறது என்றான். பிறகு எப்போதோ செயினைக் கழற்றித் துடைத்தபோது, கண் தெரியாமல் சுகுமாறனே மாற்றிப் போட்டுவிட்டான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. "தேய்ஞ்ச செயின் தள்ளும்னாரு. தள்ளினது புதுச் செயின் லா. மறுபடியும் தப்பு" என்றார் அய்யாவு.

அதற்காக நான் இங்கே வரவில்லை. அந்த அற்பத்தனம் எனக்குக் கிடையாது. புஷ்பவல்லி ராப்பகலாகச் சுவரில் முட்டிக்கொண்டு, கண் ஆபரேஷனை நான்தானே தள்ளிப்போட்டேன், நானே கொன்னுட்டேன் என்று அழுகிறாள். சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டில் இருப்பவனுக்கு அது எவ்வளவு சங்கடம். செய்தவன் நான், பாரம் சுமப்பவள் அவள். கிளிப்பைத் திருப்பியவன் நாகப்பன், தெரிந்தே திருப்பினான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு உதவி, அம்மா. இன்றைக்கு அவனுக்குக் கருமாதி. சாயந்திரம் ஐந்து மணிக்கு மொத்த பிளாக்கும் அந்த வீட்டில் கூடியிருக்கும், அய்யாவு, குகன், சீதாலெட்சுமி எல்லாரும். என்னை ஒரு அரை மணி நேரம் மட்டும் அங்கே கூட்டிப் போங்கள். விலங்கு மாட்டியே கூட்டிப் போனாலும் குறையில்லை. அதுவரைக்கும் நீங்கள் யாருக்கும் போன் செய்துவிடாதீர்கள். புஷ்பவல்லி பாவம், இதை வேறு யார் வாயாலும் கேட்டால் தாங்கமாட்டாள்.