கடல் தெரிகிற ரூம்

ஒட்டுக் கேட்டேன் என்று திட்டிவிட்டு, என்ன பேசினார்கள் என்று கேட்க வெட்கமாயில்லை? சரி, கேளுங்கள். புஜைரா போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், புருஷனைப் போன வருஷம் பறிகொடுத்த ஒருத்தி. அவன் இங்கே வேலை பார்த்தபோது இருந்த ரூமைப் பார்க்கவே விசிட் விசாவில் வந்தவள். கூட அவனுடைய கூட்டாளி. மலையடிவாரத்துக் கடற்கரைக் கிராமம் வந்தது.

“அண்ணே, போன்ல பாத்த அதே மலை, அதே படகு! அவரு ரூம் எது?”

“லேபர் கேம்ப் இருக்குறது மலைக்கு அந்தப் பக்கம், தங்கச்சி. ரூம்ல ஜன்னலே கிடையாது. வெள்ளிக்கிழமையானா சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கிட்டு, டூரிஸ்டுங்க போட்டோ எடுக்குற அந்த மேடைக்கு வந்துதான் உனக்கு வீடியோ கால் போடுவான்.”

“ஏழு வருஷமாவா? அடப்பாவி மனுஷா, வெயில்ல நின்னுக்கிட்டா அப்படிச் சிரிச்ச?”

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அப்போது ஊரிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி போன் செய்தாள்.

“பாத்துட்டேன்க்கா. அவரு சொன்ன மாதிரியே, ஜன்னலைத் தொறந்தா கடல்தான்.”