வருகைப் பதிவேடு தொடர்பாக

ஐயா,

நேற்றைய விசாரணையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசையின் தலைப்பக்கம் மருத்துவப் பதிவுக் கழகத் தலைவர், அவருக்கு வலப்பக்கம் வக்கீல், எதிரே மயக்க மருந்து டாக்டர். சன்னலோரம், மனைவியின் மருத்துவக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள். கதவருகே, பதிவேடுகளோடு நான். மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. உங்களை அங்கே உட்காரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

டாக்டரை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டீர்கள். "அஞ்சு வருஷத்துக்கு நூறு மணி நேரம் வகுப்புல உக்காந்தாத்தான் பதிவைப் புதுப்பிப்போம். இவர் நூத்தி நாலு உக்காந்திருக்கார். புது முறை தெரியாதவர்னு எப்படிச் சொல்றது?" என்றார் தலைவர்.

அந்த நூற்று நான்கையும் எழுதியவன் நான்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் என் தங்கை அதே டாக்டரின் கையில் இறந்தாள். மூச்சுக்குழாயில் இறங்க வேண்டிய குழாய் உணவுக்குழாயில் இறங்கிவிட்டது. டாக்டர் அவள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார், சரி என்றார். வெளிவரும் மூச்சை அளந்து காட்டும் திரை பக்கத்திலேயே இருந்தது; அதைப் பார்க்கவில்லை. அன்றும் இதே மேசை, இதே பதில். அதன் பிறகு கழகத்தின் வருகைப் பதிவுப் பிரிவுக்கு நானே கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டேன். அவருக்கு என் முகம் நினைவில்லை.

வகுப்புக்கு வரும்போது ஒரு கையெழுத்து, முடிந்து போகும்போது ஒரு கையெழுத்து. அவர் முதலாவதைப் போட்டுவிட்டு, காபி வருவதற்குள் நழுவிவிடுவார். இரண்டாவதை அவருக்காக நான் போட்டேன். அவர் கிளம்பிய உண்மையான நேரத்தை என் சொந்த நோட்டில் குறித்தேன்.

"என்னப்பா, போன வாரம் எத்தனை மணி வரைக்கும் படிச்சேன்?" என்பார்.

"ஒரு மணி வரைக்கும் சார்."

"அதான் இன்னும் தலை வலிக்குது."

சென்ற ஆண்டு ஒரு நாள், அன்றைய தலைப்பைப் பார்த்துத் தயங்கி நின்றார். அந்தத் திரையைப் பற்றிய வகுப்பு.

"இதை மட்டும் இருந்து கேட்டுட்டுப் போறேன். ஒரு தடவை கையைச் சுட்டுக்கிட்டேன்."

"உங்களுக்குத் தெரியாததா சார்? வீட்டுல காத்துக்கிட்டிருப்பாங்க. நீங்க போங்க, நான் பார்த்துக்கறேன்."

பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு சாவைக் கைத்தவறு என்று தள்ளிவிடுவார்கள். இரண்டாவது நடந்தால், அவர் எந்த வகுப்பிலும் உட்காரவில்லை என்று காட்டுவதற்கு ஓர் அர்த்தம் இருக்கும். அந்த இரண்டாவது ஆள் யார் என்பதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. எட்டு மாதம் கழித்து உங்கள் மனைவி குடல்வால் அறுவைக்கு வந்தார். அதே டாக்டர், அதே குழாய், அதே திரை.

நோட்டை நேற்றே நீட்டியிருக்கலாம். அந்த மேசையில் வைத்தது எதுவும் அறையைவிட்டு வெளியே போனதில்லை. ஆகவே அசலை உங்களுக்கே அனுப்புகிறேன். நகல்கள் காவல் துறைக்கும் இரண்டு பத்திரிகைகளுக்கும் போகின்றன. அவர் இனி யாருக்கும் ஊசி போடமாட்டார். எனக்குச் சிறை என்றால் ஆட்சேபணை இல்லை.

நான் ஆறு ஆண்டு அலைந்தேன். உங்களுக்கு நான்கே மாதத்தில் நியாயம் கிடைக்கிறது. உறையை ஒட்டி, நாலு மணித் தபால் கட்டுவதற்குள் பதிவுத் தபாலில் சேர்த்துவிடுவேன். நன்றி சொல்லிப் பதில் எழுதும் சிரமம் உங்களுக்கு வேண்டாம்.