பிந்தி வந்த குரல்

சாமி,

உங்கள் பங்கு ஆபீசில் இன்டர்நெட் இப்போது ஒழுங்காக வருகிறது என்று நினைக்கிறேன். போன வாரம் நான்தான் வந்து பெட்டியை மாற்றினேன். அன்றைக்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். நீங்கள் காபி கொடுத்தீர்கள், குடித்துவிட்டுப் போய்விட்டேன். நேரில் எனக்கு வாய் வராது, அதனால் எழுதித் தருகிறேன்.

இதைப் பாவசங்கீர்த்தனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முன் என் மகள் ஜெர்லினுக்கும், கப்பலில் வேலை பார்த்த ஜாக்சனுக்கும் கல்யாண ஓலை வாசித்தீர்கள். தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று மூன்று ஞாயிறும் படித்தீர்கள். எனக்குத் தெரிந்து ஒரு தடை இருந்தது. பிந்தினாலும் சொல்லிவிடுவது முறைதானே.

நான் மில்லர்புரத்தில் வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். லைனில் போவது எல்லாமே சின்னச் சின்னப் பொட்டலங்கள்தான். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு எண் ஒட்டலாம். நெரிசல் நேரத்தில் ரூட்டர் அந்த எண்ணைப் பார்த்துதான் யாரை முதலில் விடுவது என்று முடிவு செய்யும். பேச்சுக்கு நாற்பத்தாறு. ஹார்பர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசையில் கிடக்க, ஆம்புலன்ஸ் மட்டும் விலகிப் போகிற மாதிரி அது போய்விடும். எட்டு என்றால், எல்லோரும் போன பிறகு, இடம் இருந்தால். சினிமா கொஞ்சம் நின்று வந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. பேச்சு அப்படியில்லை. பிந்தி வந்த குரலை போன் வைத்துக்கொள்ளாது, தூக்கி எறிந்துவிடும்.

என் மனைவி பிளாரன்ஸ் இறந்த பிறகு வீட்டில் நானும் மகளும் மட்டும். காலையில் பள்ளிக்கூட வேலைக்குக் கிளம்புகிற அவசரத்திலும் என் சர்க்கரை மாத்திரையை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டுத்தான் போவாள். ஜாக்சன் தங்கமான பையன். அவன் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. கல்யாணம் முடிந்ததும் மும்பையில் வீடு பார்க்கலாம் என்று அவர்களுக்குள் பேச்சு ஓடியது. அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, பன்னிரண்டு மணிக்கு அவன் கப்பலிலிருந்து கூப்பிடுவான். எங்கள் வீட்டுக்குள் மொபைல் சிக்னல் எடுக்காது, வைஃபைதான். அந்த நேரம் ஊரே இன்டர்நெட்டில் படம் பார்த்துக்கொண்டிருக்கும். முதல் ஓலை வாசித்த மறுநாள் ஆபீசில் உட்கார்ந்து ஒரே ஒரு வரி எழுதினேன். அந்தக் கப்பலிலிருந்து ஜெர்லின் போனுக்கு வருகிற பேச்சுக்கு எட்டு. அவள் பேசுவது அவனுக்கு வழக்கம்போல நன்றாகக் கேட்கும். நான் எதையும் அறுக்கவில்லை சாமி. வரிசையில் நிற்க வைத்தேன், அவ்வளவுதான்.

இரண்டாம் ஓலை ஞாயிறு, "அவரு சிரிக்கது மட்டும் கேக்கு, எதுக்குச் சிரிக்காருன்னு கேக்கல" என்றாள். கடல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன்.

மூன்றாம் ஓலை ஞாயிறு நான் அடுப்படியில் சீலா மீன் கழுவிக்கொண்டிருந்தேன். முன்னறையில் அவள் பேசியது தெளிவாகக் கேட்டது.

"அப்பாவைத் தனியா விட்டுட்டு என்னால வர முடியாது. நீங்க கப்பலை விட்டுட்டு இங்கனயே எங்க வீட்டுல இருப்பியளா? ஒரே வார்த்தை சொல்லுங்க."

அவள் மனதில் அப்படி ஒன்று இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. குழாயை மூடினேன். அவளோடு சேர்ந்து நானும் காத்திருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. இன்னொரு தடவை கேட்டாள். பிறகு, "சரி, புரிஞ்சிட்டு" என்று வைத்துவிட்டாள். அவன் நம்பரைத் தடுத்துவைத்தாள். செவ்வாய்க்கிழமை உங்களிடம் வந்து கல்யாணம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததும் அவள்தான்.

அதற்கு முந்தின நாளே ஜாக்சன் என் போனுக்குக் கூப்பிட்டான். என் போனுக்கு அந்த எட்டு கிடையாது. பக்கத்து நாற்காலியில் இருந்து பேசுவது போலக் கேட்டது.

"மாமா, வந்துருதேன்னு நாலு தடவை சொன்னேன். உங்க கூடவே இருக்கேன்னு சொன்னேன். அவளுக்குக் கேக்கலியா?"

"கேட்டுச்சு மாப்பிள்ள. அவளுக்கு மனசு மாறிட்டு. கொஞ்ச நாள் விடுங்க" என்றேன்.

கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால், ஏன் அவள் போனில் மட்டும் கேட்கவில்லை என்ற கேள்வி வரும். ஒரு வாரம் போகட்டும், நானே சரிசெய்துவிடலாம் என்று இருந்தேன். நான் விடச் சொன்னேன், அவன் விட்டான். யாரையும் தூது அனுப்பவில்லை. என் மேல் அவ்வளவு மரியாதை அந்தப் பையனுக்கு.

கல்யாணத்துக்காக அடுத்த மாதம் இறங்க வேண்டியவன், கல்யாணமே இல்லை என்று ஆனதும் இன்னும் நாலு மாதம் கப்பலிலேயே இருக்க எழுதிக் கொடுத்தான். மூன்றாவது மாதம் ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பலைக் கட்டும்போது கயிறு அறுந்து அடித்தது. அடக்கப் பூசை நீங்கள்தான் வைத்தீர்கள். ஜெர்லின் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அது நடிப்பில்லை.

"நான் இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா சொல்லியிருப்பாருல்லப்பா" என்று இன்றைக்கும் கேட்பாள். தானே அவனைக் கொன்றுவிட்டதாக நினைக்கிறாள். அப்படிப் பேசாதே என்று தலையைத் தடவிக் கொடுப்பேன்.

செய்தி வந்த அன்றைக்கே அந்த வரியை அழித்துவிட்டேன். இப்போது அவள் போனுக்கு வருகிற எல்லாவற்றுக்கும் நாற்பத்தாறு போட்டிருக்கிறேன். யாரும் கூப்பிடுவதில்லை.

தடையைச் சொல்லிவிட்டேன் சாமி, என் கடமை முடிந்தது. ஜெர்லினிடம் மட்டும் இதைக் காட்ட வேண்டாம். எனக்காகச் சொல்லவில்லை, அவளால் தாங்க முடியாது. பாவம், அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.

மரியான்