மனைவி வீட்டு விலாசம்

என் பெயர் செய்கு முகம்மது. வயது நாற்பத்தெட்டு. தகப்பனார் பெயர் கௌஸ் முகம்மது. சொந்த ஊர் காயல்பட்டினம். தற்சமயம் பர் துபாயில் குடியிருந்து, மீனா பஜாரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்து வருகிறேன். 2007 ஜூன் மாதம் இந்தியத் துணைத் தூதரகத்தில் அதிகாரி சேதுமாதவன் அவர்கள் விசாரிக்க, நான் சொன்னது என்னவென்றால்:

என் மகள் மாஹிரா துபாயிலேயே பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துத் தேறியிருக்கிறாள். தமிழ்நாட்டில் பொறியியல் படிக்க ஆசைப்படுகிறாள். தமிழ்நாட்டுக்காரி என்று இருப்பிடச் சான்று கிடைத்தால் மற்ற பிள்ளைகளைப் போலக் கட்டணம் கட்டிப் படிக்கலாம். கிடைக்காவிட்டால் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான கட்டணம்தான். அது என் சம்பளத்துக்கு எட்டாது. ஆகையால் விண்ணப்பத்தில் தகப்பனாரின் பூர்வீக வீடு என்று கேட்ட இடத்தில், நான் பிறந்து வளர்ந்த வீட்டு விலாசத்தை எழுதினேன். அதன் பிறகு வருவாய்த் துறை ஊழியர் ஒருவர் அந்த வீட்டுக்குப் போய் விசாரிக்க, அங்கே இருக்கும் என் தங்கை அஸ்மத் பீவி (அண்ணனைக் காக்கா என்பது எங்கள் ஊர் வழக்கம்), "காக்கா இங்க இல்லயே, கல்யாணத்தோட போயிட்டாங்க. இப்ப துபாய்ல இருக்காங்க" என்று சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. குடும்பம் ஊரை விட்டே போய்விட்டதாக அவர் எழுதிக் கொடுக்க, சான்று மறுக்கப்பட்டது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அரபு நாட்டில் எத்தனை வருடம் இருந்தாலும் அன்னியன்தான், அது தெரிந்தே வந்தேன். சொந்த ஊரிலும் அன்னியன் என்றால் நான் எங்கே போவேன்? போனில் தங்கையைத் திட்டினேன். அவள், "எந்த ஊட்டுக்குப் போனாங்கன்னு அவரு கேக்கவே இல்லயே காக்கா" என்றாள்.

விஷயம் இதுதான். எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை நிக்காஹ் முடிந்ததும் மனைவி வீட்டுக்குக் குடிபோவான். நானும் போனேன்; இரண்டு தெரு தள்ளி. லீவில் போனால் பெட்டியை இறக்குவது அங்கேதான். மாஹிரா பிறந்ததும் அங்கேதான். வெளியூர்க்காரருக்கு இதை விளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இதைச் சொன்னதும் அதிகாரி சிரித்துவிட்டு, நீங்கள் வீட்டோடு மாப்பிள்ளையா என்று கேட்டார். எங்கள் ஊரில் எல்லோருமே வீட்டோடு மாப்பிள்ளைதான், கேலி செய்யக்கூட ஆள் கிடைக்காது என்று பதில் சொன்னேன்.

நான் தங்கையிடம் போனில் பேசிய பிறகு ஊரில் நடந்தது: தங்கை மாப்பிள்ளை அந்த ஊழியரைத் தேடிப் பிடித்து என் மனைவி வீட்டுக்கு அழைத்துப் போனார். என் மாமியார் அவரை உட்கார வைத்துச் சாயா கொடுத்து, அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டு, நாங்கள் அந்த வீட்டார்தான் என்று சொல்ல வைத்திருக்கிறார். தகப்பனாரின் வாக்குமூலம் வந்தால் திருத்தி எழுதுவதாக அந்த ஊழியர் ஒப்புக்கொண்டதால், இன்று நிம்மதியாக இங்கே வந்தேன்.

மாஹிராவுக்கு அந்த வீட்டில் என்ன பாத்தியதை என்று அதிகாரி கடைசியாகக் கேட்டார். அது என் மாமனார் என் மனைவி ஜுலைஹா பீவிக்குக் கொடுத்த வீடு. எங்களுக்கு மாஹிரா ஒரே மகள். அடுத்து வீடு அவளுக்குத்தான். அங்கே வந்து சேர்ந்தவன் நான், ஊர்க்காரி அவள். இதை அப்படியே எழுதிக்கொள்ளும்படி சந்தோஷத்துடன் கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) செய்கு முகம்மது