பால் பொங்கிய அடுப்பு

காப்பிக்குப் பால் விடவா என்று கேட்க மறந்துவிட்டேன். இந்த வீட்டில் எல்லாமே பாலில்தான் தொடங்கியது.

தொப்பியை மேசையில் வையுங்கள், கரி பட்டால் துடைத்துக்கொள்வேன். அந்த நாற்காலி வேண்டாம், இதில் இருங்கள். அடுப்பைக் கழற்றத்தான் வந்தீர்கள், அதில் கை வைக்க முடியாத சூடு என்பதால் முதலில் கூரையில் ஏறிப் பார்த்தீர்கள். இறங்கி வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். புகைபோக்கியின் வாய் ஏன் பச்சையாக இருக்கிறது, எதை எரித்தீர்கள் என்று. நியாயமான கேள்வி. நான் அதிகம் பேசாதவள். ஆனாலும் கேட்ட கேள்விக்கு முழுமையாகப் பதில் எழுதும்படி எங்களைப் பழக்கியிருக்கிறார்கள்.

நான் இரசாயனவியல் படித்தவள். இவ்வளவு பழைய விறகு அடுப்பு என்னவெல்லாம் துப்பும் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஒரு மாலை எரித்தால் இந்தத் தெருவே அதை மூச்சில் இழுக்கும். வீடு வாங்கினால் ஒரு வருடத்துக்குள் இதைக் கழற்றவோ மாற்றவோ வேண்டும் என்ற உங்கள் நாட்டுச் சட்டத்தை வாசித்தபோது சந்தோஷப்பட்டேன். அடுப்பு போகும், அந்த மூலைக்கு என் புத்தக அலுமாரியும் ஒரு நாற்காலியும் வரும் என்று கணவர் றொனிஷனும் நானும் அப்போதே தீர்மானித்திருந்தோம்.

எங்கள் ஆட்கள் புது வீட்டுக்குள் போனால் முதலில் பால் காய்ச்சுவார்கள். அது பொங்கி வழிய வேண்டும். உங்களுக்கு அது விபத்து, எங்களுக்கு அதற்குத்தான் ஆட்களைக் கூப்பிடுவது. கணவரின் அம்மா, விமலராணி மாமி, அதற்காக மட்டக்களப்பிலிருந்து ஒரு மண்பானையைச் சேலைகளுக்குள் சுற்றி எடுப்பித்திருந்தார். நல்ல நேரம் தொடங்கியதும் பானையை இண்டக்ஷன் அடுப்பில் வைத்தோம். இண்டக்ஷனைப் பொறுத்தவரை மண்பானை என்று உலகத்தில் ஒன்று கிடையாது. கீச்சென்று கத்திவிட்டு நின்றது. தூக்கித் தூக்கி வைத்தோம், அதுவும் கத்திக் கத்தி நின்றது.

"வேற சட்டியில காய்ச்சுவம் அம்மா, நேரம் போகுது" என்றார் றொனிஷன்.

"வேற சட்டி எடு. அப்பிடியே வேற அம்மாவையும் பாத்து எடு" என்றார் மாமி.

விறகு அடுப்பின் மேல்தட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று சொன்னவள் நான்தான். அன்று நான் பேசிய ஒரே வாக்கியம் அது. அதற்கு மட்டும் முழுப் பொறுப்பு ஏற்கிறேன்.

பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி இரும்பில் வழிந்து கருகியது. புகை அலாரம் அலறியது. மாமி அதைச் சங்கொலியாக எடுத்துக்கொண்டு கண்ணை மூடிக் கும்பிட்டார். அடுத்த நாள் காலையில் அடுப்பின் கதவில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. வெப்பமானி ஒட்டியிருந்த அடையாளம் என்று நீங்கள் நினைத்திருக்கலாம், அது அந்தப் பொட்டுத்தான்.

"அம்மா, இதைக் கழட்ட வேணும். சட்டம்" என்று றொனிஷன் சொல்லிப் பார்த்தார்.

"பால் பொங்கின அடுப்பை ஆரும் கழட்டுவினமே? கழட்டுற அண்டைக்கு நான் ஒடென்சேக்குப் பெரியவனிட்டப் போயிடுவன்."

"ஓம் அம்மா, விடுங்கோ" என்றார் அவர். பிறகு அறைக்குள் வந்து என்னிடம், "ஓம், கழட்டத்தான் வேணும்" என்றார். நல்ல மனிதர். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓம்தான்.

ஆகவே சிக்கல் இதுதான். அடுப்பு போக வேண்டும், மாமி போகக்கூடாது. அதற்கு ஒரே வழி, அடுப்பு போகட்டும் என்று மாமியே ஆசைப்படுவது. என் நோக்கம் இவ்வளவுதான் என்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமி அந்த மூலையிலேயே குடியேறிவிட்டார். எனக்கென்று வாங்கிய நாற்காலியில் இருந்து, கால்களை நெருப்புப் பக்கம் நீட்டி, தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுக் கதைப்பார். வருகிறவர்களிடம், "என்ர மருமகள் நல்ல புள்ள. வாயே இல்லை. வீட்டில நிக்கிறாளோ போயிட்டாளோ எண்டே தெரியாது" என்பார். நான் வைத்த கறியை ருசி பார்த்து, ஒன்றும் சொல்லாமல், உப்புப் போடுவார். இவையெல்லாம் எனக்குப் பொருட்டே அல்ல. பின்னணித் தகவலாகச் சொல்கிறேன்.

உப்பு நெருப்பின் நிறத்தை மாற்றும். சமையல் உப்பு அல்ல, உலோக உப்புகள். செம்பு பச்சையாக எரியும், ஸ்ட்ரோன்சியம் இரத்தச் சிவப்பாக எரியும். பள்ளிக்கூடத்திலேயே செய்து காட்டுகிற சோதனை. மாமி பூங்காவில் நடக்கப் போகும்போது பைன் காய்கள் பொறுக்கிவந்து ஒரு கூடையில் வைத்திருப்பார். அவற்றைப் போட்டுத்தான் நெருப்பு மூட்டுவார், வேறு யாரும் அந்தக் கூடையைத் தொடுவதில்லை. நான் அவற்றைக் கரைசலில் ஊறவைத்து, காயவைத்து, திரும்ப அடுக்கினேன்.

செம்பு தோற்றுப்போனது. நெருப்பு பச்சையானதும் மாமி பயப்படவில்லை, பூரித்துப்போனார். "அம்மன்ர சேலை நிறம்" என்று ஒடென்சேக்குத் தொலைபேசியில் அறிவித்தார். இங்கே டோஸ்ட்ருப்பில் தெரிந்த பெண்களெல்லாம் வடையும் கையுமாக வந்து பார்த்தார்கள். ஒருமுறை தோற்றதற்காகச் சோதனையைக் கைவிடுவது முறையல்ல என்பதால் அந்தக் குளிர்காலத்தின் பெரும்பகுதி செம்பையே போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் மேலே பார்த்த பச்சை அதுதான். உங்கள் கேள்விக்கான பதில் இங்கே முடிகிறது. ஆனால் காப்பி இன்னும் இருக்கிறது.

பிறகு ஸ்ட்ரோன்சியத்துக்கு மாறினேன். மாமி நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"இதென்ன புள்ள, இரத்தம் மாதிரி?"

"தெரியேல்லை மாமி" என்றேன். வாயில்லாதவளிடம் அதற்கு மேல் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

எந்தச் சோதனைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டும். அது இல்லாவிட்டால் முடிவு செல்லாது. அதனால் ஊறிய காய்களை மேலேயும் ஊறாதவற்றைக் கூடையின் அடியிலும் வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமி தாமாகவே, "நீ ஒண்டு போட்டுப் பார்" என்றார். நான் அடியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டேன். சாதாரண மஞ்சள் நெருப்பு. அவர் மேலே இருந்து எடுத்துப் போட்டார். சிவப்பு. திரும்ப நான் போட்டேன். மஞ்சள்.

மாமி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "உன்னை ஏற்குது. என்னைத்தான் அதுக்குப் பிடிக்கேல்ல" என்றார். பிறகு மெதுவாக, "நான் அதுக்கு என்ன குறை வைச்சனான்?" என்று கேட்டார். என்னிடம் கேட்டாரா அடுப்பிடம் கேட்டாரா என்று தெரியாததால் நான் கூடையை அடுக்கி வைத்தேன்.

ஒடென்சேயிலிருந்து மூத்த மகன் காரோடு வந்தார். மாமி மண்பானையை மறுபடி சேலைகளுக்குள் சுற்றினார். "அம்மா, அடுப்பைக் கழட்டுவம், நீங்க இருங்கோ" என்று றொனிஷன் கெஞ்சினார்.

"கழட்டு. கழட்டினாப்பிறகு சொல்லு, அண்டைக்கே வாறன். அது இருக்கிற வீட்டில நான் இருக்கேலாது."

கவனித்தீர்களா? அடுப்பு போக வேண்டும் என்று மாமியே சொல்லிவிட்டார். என் சோதனை முழு வெற்றி. எதிர்பாராத பக்கவிளைவு, மாமி முந்திப் போனது மட்டும்தான். இப்போது அவர் கடலுக்கு அந்தப் பக்கம், பாலம் தாண்டி ஒடென்சேயில் இருக்கிறார். தினமும் அழைப்பார்.

"கழட்டியாச்சே புள்ள?"

"இன்னும் சூடாக் கிடக்கு மாமி" என்பேன். உண்மைதான். தொட்டுப் பார்த்துவிட்டே சொல்வேன்.

கழற்றுவதற்கென்று நீங்கள் முதல் தடவை வந்தபோது யாரும் கதவைத் திறக்கவில்லை. நான் மாடியில் வாசித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவை நாளை மாற்றச் சொல்லி என் கணவரின் தொலைபேசியிலிருந்து செய்தி வந்திருக்கும். அப்போது அவர் குளித்துக்கொண்டிருந்தார். சூடான அடுப்பைக் கழற்ற முடியாது என்பது உங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இன்று காலை கண் விழித்ததும் எனக்கும் அது நினைவுக்கு வந்தது.

புகையைப் பற்றி நான் சொன்ன எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. அந்த நுண்துகள்கள் எனக்குச் சம்மதமே இல்லை. ஆனால் இந்த நாற்காலியில் இருந்து கால்களை நீட்டினால் பாதம் முழுவதும் ஒரே அளவில் சூடு ஏறுகிறது. வீட்டில் ஒரு சத்தமும் கிடையாது. கறியில் உப்பும் அளவாக இருக்கிறது.

மாமி திரும்பி வர வேண்டும் என்று இந்த வீட்டில் என்னைவிட ஆசைப்படுகிறவர் யாருமில்லை. அடுப்பு ஆறிய அன்றே உங்களைக் கூப்பிடுகிறேன். காலைச் சற்று விலக்கிக்கொள்ளுங்கள், விறகு வைக்க வேண்டும்.