மறுப்பு போய்ச் சேராத செவ்வாய்க்கிழமை

அவைக்குத் தலைமை தாங்கும் நகரசபைத் தலைவி லல்லா ஸுலேகா அவர்களே! அஸர் தொழுகை முடிந்த கையோடு வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட பெரியவர்களே! கூஸ்கூஸ் உருட்டிய கையைக் கழுவியும் கழுவாமலும் ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! தேர்வை எழுதிவிட்டு முடிவுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கையரே! வாசலில் நின்றபடி ‘சீக்கிரம் முடி’ என்று கண்ணாலேயே சொல்லும் பேரீச்சந்தோட்டத்து அண்ணன்மாரே! அனைவருக்கும் என் ஸலாம்.

என்ன சொல்கிறீர்கள், பின்வரிசையில்? “ஹம்மூ மகளுக்குப் பேச வருமா?” என்றா? நியாயமான கேள்விதான். வகுப்பில் பெயர் கூப்பிட்டபோதுகூட வாயைத் திறக்காமல் கையை மட்டும் தூக்கியவள் நான். நிலத்தடிக் கால்வாயில் தூர்வாரும் ஹம்மூவின் வீட்டில் பட்டம் என்ற ஒன்றை முதலில் சுவரில் மாட்டியவள். இன்று தலைநகரில், வெளியுறவு அலுவலகத்தில், கடைசி மேசையில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர். பேச வரவில்லை, நடந்ததை நடந்தபடி சொல்ல வந்திருக்கிறேன்.

பதினேழு நாடுகள் துனிஸில் கூடி ஓர் உடன்படிக்கை எழுதுகின்றன. ஓர் அரசு இணையத்தை நிறுத்தலாமா? நிறுத்தினால் எவ்வளவு நேரம்? எந்தக் கம்பியைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது? மூன்று ஆண்டாக எழுதுகிறார்கள். அதன் ஒன்பதாம் பிரிவு ஒரே வரி: “எந்த நிலையிலும் மருத்துவமனைகள், ஊர் மருந்தகங்கள் ஆகியவற்றின் இணைப்பைத் துண்டிக்கலாகாது.” இந்த வசந்தத்தில் யாரோ ஒருவர் அதிலிருந்து ‘ஊர் மருந்தகங்கள்’ என்பதை எடுத்துவிட்டார். யார் எடுத்தார்? தெரியாது. ஏன் எடுத்தார்? சொல்ல மாட்டார்கள். பெரிய மருத்துவமனை தப்பியது. நம் பாஹியா அக்கா தாதியாக இருக்கும் இரண்டறை மருந்தகம் விழுந்தது.

இராஜதந்திரத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேசிப் பேசி எல்லோரும் களைத்த பிறகு, மாநாட்டுத் தலைவர் வாசகத்தைச் சுற்றுக்கு விடுவார். “செவ்வாய் நண்பகலுக்குள் எழுத்தில் மறுப்பு வராவிட்டால் அனைவரும் ஏற்றதாகக் கொள்ளப்படும்.” அதற்கு மௌனக் கெடு என்று பெயர். வாதிட்டு வெல்ல வேண்டாம், வாக்கெடுத்து வெல்ல வேண்டாம், வாய்மூடி வெல்லலாம்! நம் வீடுகளில் பெண்ணிடம் சம்மதம் கேட்பார்களே, அவள் தலைகுனிந்திருந்தால் “ஆச்சு, சரின்னுட்டா” என்று தேநீர் ஊற்றுவார்களே, அதே வழக்கம்தான். தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

எங்கள் தூதுக்குழுத் தலைவர் ஸி தாஹர் நல்ல மனிதர். மருந்தகத்தை நீக்கக்கூடாது என்று மறுப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். பிறகு ஏன் அனுப்பவில்லை? அங்கேதான் தொழில் நுணுக்கம் குறுக்கே வந்தது.

“மறுப்பை முன்னாடியே அனுப்புறவன் கத்துக்குட்டிம்மா,” என்றார். “ரெண்டு நாள் டைம் குடுத்தா, எதிராளி பத்துப் பேரைப் பிடிச்சுப் பதில் தயார் பண்ணிடுவான். கடைசி ரெண்டு மணி நேரத்துல போடணும். திருப்பி அடிக்க அவனுக்கு நேரமே இருக்கக்கூடாது.”

செவ்வாய் காலை பத்து மணிக்குக் காப்பிக் கோப்பையோடு வந்தார். “ம், இப்ப அனுப்பு.”

“நெட் இல்லைங்கய்யா.”

“இல்லைன்னா?”

“பள்ளி இறுதித் தேர்வு இன்னிக்குத் தொடங்குதுங்கய்யா. எட்டு மணிக்கே நாடு முழுக்க நிறுத்திட்டாங்க. பன்னிரண்டுக்குத்தான் விடுவாங்க.”

பெரியோர்களே, உலகில் எத்தனையோ நாடுகள் பகைவனிடம் தோற்றிருக்கின்றன. பிள்ளைகளின் தேர்வு அட்டவணையிடம் தோற்றது நாம்தான்! கேள்வித்தாள் வெளியே போகக்கூடாது என்று பூட்டினோம். நம் குரலே வெளியே போகவில்லை.

ஸி தாஹர் இணைப்பை நிறுத்தும் அதிகாரியைத் தொலைபேசியில் பிடித்தார்.

“அஞ்சு நிமிஷம் திறந்து விடுய்யா. ஒரே ஒரு கடிதம்.”

“உங்களுக்குத் திறந்தா எல்லாருக்கும் திறந்த மாதிரிங்க.”

“நான் நாட்டோட பேர்ல கேக்குறேன்!”

“நானும் நாட்டோட பேர்லதாங்க மூடியிருக்கேன்.”

அடுத்து துனிஸில் உள்ள உடன்படிக்கைச் செயலகம். ஓர் இனிமையான பெண்குரல். “ஸி தாஹர், போன்ல சொல்ற மறுப்பு செல்லாதே, எழுத்துல வரணும். ஃபேக்ஸா? அதைத் தூக்கிப் போட்டு மூணு வருஷமாச்சு.” அடுத்து துனிஸில் உள்ள நம் தூதரகம். அங்கிருந்த எழுத்தருக்கு வரிவரியாகச் சொல்லி எழுதவைத்தார். அவர் தட்டச்சு செய்து, முத்திரை தேடி, டாக்சி பிடித்து, செயலகப் படியேறியபோது மணி பன்னிரண்டு இருபது.

இருபது நிமிடம்! மூன்று ஆண்டு பேசிய பேச்சை இருபது நிமிடம் தின்றுவிட்டது. இங்கே இணையம் திரும்பியதும் என் திரையில் வந்து விழுந்த முதல் கடிதம் என்ன தெரியுமா? “வாசகம் ஒருமனதாக ஏற்கப்பட்டது. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.”

கையெழுத்துக்குக்கூடக் காத்திராமல், மூடக்கூடாத இணைப்புகளின் பட்டியலை மறுநாளே இங்கே மாற்றிவிட்டார்கள். நாமே ஒப்புக்கொண்ட விதி அல்லவா? அதுவரை தேர்வுக் காலையிலும் திறந்திருந்த மருந்தக இணைப்பு வியாழக்கிழமை மூடப்பட்டது. அந்த வியாழன் காலை பத்தேகாலுக்கு, பேரீச்சமரத்தின்மேல் இருந்த பர்கா மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

பாஹியா அக்கா இதயத்துடிப்பை வரைந்து எடுத்தார். வழக்கமாக அந்தப் படம் ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் இதய மருத்துவருக்கு நொடியில் போகும். அன்று போகவில்லை. தொலைபேசியில் சொன்னார்.

“கோடு மேல ஏறி நிக்குது டாக்டர், மேடு மாதிரி.”

“எந்த மாதிரி மேடு? கூம்பா, மொட்டையா?”

“நம்ம மேற்கால மணல்மேடு மாதிரி.”

“லல்லா பாஹியா, நான் கடற்கரைக்காரன். உங்க மணல்மேட்டை நான் எங்க கண்டேன்? ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்தைத் தப்பான ஆளுக்குப் போட்டா ரத்தம் நிக்காது. படத்தைப் பார்க்காம எப்படிச் சொல்றது?”

நண்பகலில் இணைப்பு வந்தது. படம் போனது. இரண்டே நிமிடத்தில் பதில்: “உடனே போடுங்கள்.” போட்டார்கள், பிழைத்தார். ஆனால் காத்திருந்த அந்த ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் இதயத்தின் ஒரு பகுதி செத்துவிட்டது என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். இனி மரம் ஏறக்கூடாது. என்ன மாமா? “கீழ நின்னு வேலை ஏவுறதுக்கு நெஞ்சு எதுக்கு?” என்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் சிரிப்புக்குக் கீழே மூச்சு வாங்குவது மேடைவரை கேட்கிறது.

இப்போது யாரைக் குற்றம் சொல்வது? தேர்வு நடத்தியவரையா? மறுப்பைக் கடைசி நேரம்வரை மடியில் வைத்திருந்தவரையா? ஃபேக்ஸைத் தூக்கிப்போட்ட துனிஸையா? எல்லோரும் விதிப்படியே நடந்தார்கள். ஒருவரைத் தவிர.

திங்கட்கிழமை மதியம், என் மேசை நாட்காட்டியில் இரண்டு குறிப்புகள் ஒரே கட்டத்தில் இருப்பதைப் பார்த்தேன். ஒன்று, மௌனக் கெடு. மற்றது, என் தங்கையின் தேர்வு. பார்த்தவுடன் புரிந்தது. தாளை எடுத்துக்கொண்டு ஸி தாஹரின் அறை வாசல்வரை போனேன். அவர் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். நான்கு நிமிடம் நின்றேன். இவ்வளவு பெரியவருக்கு இது தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

இதைப் போன வாரம்தான் அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “நீ சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனான்னு எனக்கே தெரியலம்மா,” என்றார். அது ஆறுதல் இல்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான். கேட்பதும் கேட்காததும் அவர் பாடு.

ஒரு வழி மிச்சம் இருக்கிறது. அடுத்த மாதம் கையெழுத்து. அதற்குமுன் ஒரு நாடு புதிய பாதிப்பைச் சான்றோடு காட்டினால், ஒன்பதாம் பிரிவைத் திரும்பத் திறக்கலாம். சான்று என்றால் பாதிக்கப்பட்ட ஊரின் கடிதம். பாஹியா அக்கா எழுதிவிட்டார், மருத்துவர் ஒப்பமிட்டுவிட்டார், பர்கா மாமா கைநாட்டு வைத்துவிட்டார். நகரசபை முத்திரை மட்டும் இல்லை. மூன்று நாளாக அந்தக் கடிதம் இதோ இந்த நகரசபை மேசையிலேயே இருக்கிறது.

லல்லா ஸுலேகா அவர்களே, உங்கள் தயக்கம் எனக்குத் தெரியும். காப்பியடிக்கிறவர்களுக்கு வக்காலத்து வாங்கும் ஊர் என்று மேலிடத்தில் எழுதிவிடுவார்களோ என்று அஞ்சுகிறீர்கள். அவையோரைக் கேட்கிறேன். நம் கால்வாயில் ஒருவன் தண்ணீர் திருடினால் என்ன செய்கிறோம்? அவன் மடையை அடைக்கிறோம். ஊற்றுக்கண்ணையே அடைக்கிறோமா? அடைக்கச் சொன்னால் எவராவது ஒப்புவோமா? தேர்வு நேர்மையாக நடக்கட்டும். திருடனைத் தேடட்டும், பிடிக்கட்டும். பர்கா மாமாவின் நெஞ்சு எந்தக் கேள்வித்தாளையும் திருடவில்லை!

செப்டம்பரில் மறுதேர்வு வருகிறது. அன்று யார் நெஞ்சைப் பிடிப்பார்கள் என்று எந்த அட்டவணையும் சொல்லாது. நாம் பேசாதிருந்தால் துனிஸில் யாரும் நம்மைத் திட்டப்போவதில்லை. நன்றி சொல்வார்கள். அந்த நன்றிக் கடிதத்தை ஒருமுறை படித்தவள் நான். இன்னொருமுறை படிக்க மாட்டேன்.

இது தலைவி ஒருவர் தனியாகச் சுமக்க வேண்டிய முத்திரையும் இல்லை. கடிதத்தின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. முத்திரைக்கு முன்னால் உங்கள் பெயர்கள் வரட்டும். எழுதத் தெரிந்தவர் எழுதுங்கள், தெரியாதவர் விரல் வையுங்கள். ஒப்பாதவர் எழுந்து ஒப்பவில்லை என்று உரக்கச் சொல்லுங்கள். அதையும் நானே குறித்துக்கொள்கிறேன். சும்மா மட்டும் இருந்துவிடாதீர்கள்.

நாளைக் காலை ஆறு மணிப் பேருந்தில் கடிதத்தை நானே கொண்டு போகிறேன். இந்த முறை கடைசி மணிக்காகக் காத்திருக்கப் போவதில்லை. ஸி தாஹரின் அறையில் யார் இருந்தாலும் கதவைத் தட்டுவேன்.

பேச வராதவளை இவ்வளவு நேரம் கேட்ட உங்கள் பொறுமைக்கு நன்றி. தலைவி அவர்களுக்கு நன்றி. மூச்சு வாங்கச் சிரித்த பர்கா மாமாவுக்கு நன்றி. மேசையைக் கூட்டத்தின் நடுவுக்கு நகர்த்துங்கள் அண்ணன்மாரே, பேனா என்னிடம் இருக்கிறது. அனைவர்மீதும் அமைதி நிலவட்டும்.