ஐந்து மார்க்கு

"அஞ்சு மார்க்கு கூடப் போட்டா உங்க கை தேஞ்சிடுமா வாத்தியாரே?"

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். தம்பின் ஊரில் ரேஷன் அரிசி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் கேட்டாள். கேட்கப்பட்டவர் எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஜப்பான் மொழி வகுப்பு நடத்தியவர்.

"உன் புருஷன் எழுதினது எழுத்தா? கோழி கிளறின மாதிரி இருக்கு."

"பால் வெட்டுற கை சாமி. பாஸானா ஆபீஸ் வேலையாம். பெயிலானா சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிடுவாங்கன்னு வேலை வாங்குற மண்டோர் சொல்றாரு. நான் கைப்பிள்ளைக்காரி."

"மெதுவா பேசும்மா. சிப்பாய் நிக்கிறான்."

"போடுவீங்களா, மாட்டீங்களா?"

"சரி, போட்டுடறேன். அழுவாத."

அவள் வரிசையிலேயே அவரைக் கும்பிட்டாள்.

நான் தோட்டத்து ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. சயாமில் கூலிகளுக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டும், பரீட்சையில் தேறிய எல்லாரையும் முதல் லாரியில் அனுப்பு என்ற உத்தரவை அன்று காலைதான் டைப் அடித்திருந்தேன். தேறாதவர்கள் தோட்டத்திலேயே இருக்கலாம். வெளியே சொன்னால் என் பெயரும் அந்த லாரிப் பட்டியலில் ஏறும். அரிசியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுவாரம் பட்டியல் எழுதியதும் நான்தான். கடைசிப் பெயர் அவள் புருஷனுடையது. அவன் திரும்பி வரவில்லை.